நமது நிறுவனம் என்று எழுதியவர்

பெங்களூரு
14.6.2008

அன்பு மாப்ள துளசி,

இங்கே மழையும் வேலையும் ஒழுங்காக நடக்கின்றன. பழங்காநத்தத்தில் நீயும் தேவிகாவும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

ஒரு விஷயம். ஓய்வு நேரத்தில் நான் இணையக் கலைக்களஞ்சியத்தில் கட்டுரை திருத்துவது உனக்குத் தெரியும். அங்கே யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். மேலூரில் நீ வேலை பார்க்கும் உதயசிகரம் கிரானைட்ஸ் பற்றிய கட்டுரையில் போன வாரம் ‘வைகைத்தென்றல்’ என்ற பெயரில் ஒருவர் புகுந்திருக்கிறார். குவாரிக் கழிவுக்கல்லை எங்கள் ஊர்க் கண்மாய்க்குள் கொட்டியதாக வழக்கு நடக்கிறது என்ற பத்தியைத் தூக்கிவிட்டு, மரம் நட்டது, நோட்டுப் புத்தகம் கொடுத்தது எல்லாம் சேர்த்திருக்கிறார். கடைசி வரி: “நமது நிறுவனம் இன்னும் பல படிகள் உயரும்.” கலைக்களஞ்சியத்தில் நமது ஏது மாப்ள? படிக்கிறவன் எல்லாம் குவாரியில் பங்குதாரனா?

வீட்டில் சௌராஷ்டிரம் பேசினாலும், உங்கள் அலுவலகத்தில் ஒற்றுப்பிழை இல்லாமல் தமிழ் எழுத உன்னை விட்டால் ஆள் இல்லை. நீதான் என்றால் சொல்லிவிடு. சம்பளம் கொடுக்கிற இடத்தைப் பற்றி நாமே எழுதுவதற்கு நலமுரண் என்று பெயர். யாரென்று வெளிப்படையாகச் சொல்லி, வேண்டிய திருத்தத்தைக் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் கேட்கலாம். வேறொருவர் பார்த்துச் செய்வார். ஒளிந்துகொண்டு செய்யக்கூடாது.

அன்புடன்,
சிவபாண்டி


மதுரை
19.6.2008

அன்பு சிவா,

நலம், நலமறிய ஆவல் என்றுதான் தொடங்க நினைத்தேன். நீ நலமுரண் என்று ஆரம்பித்துவிட்டாய்.

நான்தான். மேலாளர் கூப்பிட்டு, “துளசி, அந்தப் பத்தி இருக்கக்கூடாது, இன்னைக்கே எடுத்துருங்க” என்றார். எடுத்தேன். ‘நமது’ என்பது ஆண்டறிக்கை எழுதி எழுதி வந்த கைப்பழக்கம். தேவிகாவுக்கு இது ஏழாம் மாதம். முடியாது என்று சொல்லிவிட்டு வீட்டில் உட்கார எனக்குத் தைரியம் இல்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்தப் பத்தியை முதலில் எழுதியது யார்? நீ. வழக்குப் போட்டது யார்? உன் அண்ணன் அழகுமலை. அந்தக் கண்மாய்த் தண்ணீரில் விளைவது யார் வயல்? எனக்குச் சம்பளம் என்றால் உனக்கு வயல். நீ மட்டும் இன்னார் தம்பி என்று சொல்லிவிட்டா எழுதினாய்? எனக்குப் பாடம் நடத்துகிறாயே என்று எரிச்சலாக வருகிறது.

துளசிராம்


பெங்களூரு
29.6.2008

அன்பு மாப்ள,

உன் கடிதம் சுருக்கென்று தைத்தது. கோபம் ஆறியபின் பார்த்தால் நீ கேட்டது நியாயம்தான்.

வழக்குத் தொடுத்தவரின் தம்பி நான், இனி இந்தக் கட்டுரையைத் தொடமாட்டேன் என்று உரையாடல் பக்கத்தில் எழுதிவிட்டேன். ஈரோட்டில் பவதாரிணி என்று ஒருவர் எங்களோடு கட்டுரை திருத்துகிறார். அவருக்கு உன்னையும் தெரியாது, என் ஊரையும் தெரியாது. பொறுப்பை அவரிடம் விட்டேன். செய்தித்தாளில் வந்ததை மட்டும் வைத்து ஒரே வரி எழுதியிருக்கிறார்: “கண்மாய்க்கு அருகில் கழிவுக்கல் கொட்டியது தொடர்பாக வழக்கு நிலுவையில் உள்ளது.” அண்ணனுக்கு ஆத்திரம். “கம்மாய்க்குள்ள கொட்டியிருக்கான், பக்கத்துலன்னு எழுதிக் கெடக்கு. நீயெல்லாம் ஒரு தம்பியாடா” என்று போனை வைத்துவிட்டார்.

வைகைத்தென்றல் யாரென்று நான் சொல்லமாட்டேன். மறைந்திருக்கும் ஒருவரைக் காட்டிக்கொடுப்பதும் அங்கே விதிமீறல். நீயாகச் சொன்னால்தான் உண்டு.

சிவபாண்டி


மேலூர்
4.7.2008

சிவா,

இன்று உரையாடல் பக்கத்தில் போட்டதன் நகல் இது.

“இக்கட்டுரையைக் கவனிப்பவர்களுக்கு வணக்கம். வைகைத்தென்றல் என்ற பெயரில் எழுதியவன் நான். உதயசிகரம் கிரானைட்ஸில் மக்கள் தொடர்பு அலுவலராக இருக்கிறேன். நிறுவனம் சொல்லித்தான் வழக்கு பற்றிய பத்தியை நீக்கினேன். இப்போது விதிப்படி ஒரு திருத்தம் கோருகிறேன். ‘கண்மாய்க்கு அருகில்’ என்பது தவறு. ‘கண்மாய்க்குள்’ என்று இருக்க வேண்டும். லாரிகள் உள்ளே இறங்கிக் கொட்டியபோது நான் கரையில் நின்றிருந்தேன். – துளசிராம்.”

மேலாளர் இதைத் திங்கட்கிழமை பார்ப்பார். தேவிகாவிடம் சொன்னேன். அழுதாள். அப்புறம், “பரவை மார்க்கெட்ல கணக்கெழுத ஆள் தேடுறாங்களாம், கேட்டுப் பாப்போம்” என்றாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

துளசிராம்


பெங்களூரு
8.7.2008

அன்பு மாப்ள,

உன்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்று தேவிகா போனில் சொன்னாள். நான்தான் உன்னை இதில் இழுத்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பவதாரிணி உன் திருத்தத்தை ஏற்கவில்லை. “வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி. ஆனால் நேரில் பார்த்தது இங்கே சான்றாகாது, அச்சில் வந்திருக்க வேண்டும்” என்று எழுதியிருக்கிறார். விதிப்படி அவர் சொல்வது சரி. ‘அருகில்’ அப்படியே இருக்கிறது.

நீ எழுதியதை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். பிறகு, “கோர்ட்டுல கண்ணால பாத்தவன் சொன்னா எடுத்துக்கிருவாக. அந்தத் தம்பி வந்து சொல்லுமா, கேளு” என்றார்.

நான் கேட்கமாட்டேன் துளசி. அது என் அண்ணன் வழக்கு, எங்கள் வயல். உன்னிடம் இதைக் கேட்க எனக்கு வாய் கிடையாது. அவர் சொன்னதைச் சொன்னேன், அவ்வளவுதான்.

சிவபாண்டி


மதுரை
11.7.2008

மாப்ள,

அண்ணன் நம்பரை அனுப்பு. வழக்கு எப்போது வருகிறது என்று நானே அவரிடம் கேட்டுக்கொள்கிறேன். நீ இதில் வராதே.

துளசி