படகுகளுக்குச் சொன்ன செய்தி

மார்ச் 3

துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தேன். விடுதி அறையில் நான்கு கட்டில், நான்கு பாஷை. மேல்கட்டில்காரி ஏதோ கேட்டாள், தலையாட்டினேன். என் போர்வையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தையல் கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். துணி கொடுத்தவர்கள் திட்டுவார்கள். திட்டட்டும். தம்பி இங்கே படகு வேலையில் இருக்கிறான் என்பது மட்டும்தான் தெரியும். மூன்று வருடம் முன்பு, "என் மூஞ்சியிலயே முழிக்காதே" என்று அப்பா விரட்டினார். அதே அப்பா இப்போது படுத்த படுக்கை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால், "வந்துட்டானா?" என்கிறார். எப்படியாவது கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும்.

மார்ச் 4

மூன்று தீவுகள். காடு, மலை, வெள்ளைப் பறவைகள். எல்லாரும் ஃபோட்டோ எடுக்கிறார்கள். நான் தம்பி ஃபோட்டோவைக் காட்டிக்கொண்டு அலைகிறேன். யாருக்கும் தெரியவில்லை.

மார்ச் 5

படகில் டிக்கெட் கிழிப்பவர் தமிழ் பேசினார்! படகுகள் வயர்லெஸ்ஸில் பேசிக்கொள்ளுமாம். "எல்லாப் படகுக்கும் சொல்லிடறேன்க்கா. அக்கா வந்திருக்காங்க, தேடுறாங்கன்னு." தம்பியின் பேரையும் ஊரையும் சொன்னேன். வந்ததிலிருந்து இன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

மார்ச் 6

பதில் இல்லை.

மார்ச் 7

கடைசித் தீவு. படகு பழுதுபார்க்கும் கொட்டகை. கொடியில் ஒரு நீலச் சட்டை. பட்டன் நூலின் முடிச்சு வெளிப்பக்கம். அது என் அவசரத் தையல், அவன் கிளம்பிய அன்று தைத்தது. சட்டையை உருவிக்கொண்டு கொட்டகைக்குள் ஓடினேன்.

மேஸ்திரி தயங்கித்தான் சொன்னார். "இங்கதாம்மா இருந்தான். முந்தாநாள் வயர்லெஸ்ல சேதி வந்துச்சு. அப்பாதான் திட்டச் சொல்லி அக்காவை அனுப்பியிருப்பாருன்னு பயந்து பையைத் தூக்கிட்டு ஓடிட்டான். எந்தத் தீவுன்னு தெரியல. வேலைய அப்படியே வச்சிருக்கேன். நீங்க ஊருக்குத் திரும்பிப் போனாத்தான் வருவான் போல."

ஐயோ, நானேதானே துரத்திவிட்டேன்! தேடுறாங்கன்னு சொல்லச் சொன்னவ, அப்பா கூப்பிடுறாருன்னு சேத்துச் சொல்லியிருக்கக் கூடாதா? அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு வாயா வலிச்சுது?

நாளை முதல் படகிலேயே டிக்கெட்காரரைப் பிடித்து அதைச் சொல்லச் சொல்ல வேண்டும்.

மார்ச் 8

படகுத்துறையில் நிற்கும்போது அம்மாவின் போன். விடிகாலையில் அப்பா போய்விட்டார். "கடைசி வரைக்கும் வாசலத்தான்டி பாத்துட்டிருந்தாரு." பிறகு மெதுவாக, "தம்பி கிடைச்சானா?"

"இல்லம்மா."

அழக்கூட வரவில்லை. டிக்கெட்காரர் வந்துவிட்டார். "மறுபடி சொல்லட்டுமாக்கா?"

"சொல்லுங்க. அக்கா ஊருக்குக் கிளம்பிட்டாங்க, மேஸ்திரி வேலைய வச்சிருக்காரு, திரும்பி வரலாம்னு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் எல்லாப் படகுக்கும் சொல்லி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். வாசலையே பார்த்துக்கொண்டு போனார் என்று தெரிந்தால், ஓடிப்போனதற்கு அவன் ஆயுசுக்கும் அழுவான். அப்பாவைப் பற்றிச் சொல்லவில்லை.