ஓட்டையில் ஒட்டின பேப்பர்

பாட் கோடெஸ்பெர்க்,
18.01.1987

அன்புத் தம்பி நித்தியானந்தனுக்கு,

சுகம் விசாரிக்கிறதெல்லாம் பிறகு. முதலில் எழும்பிப் போய், உன்ரை அறைச் சுவர் ஓட்டையில் ஒட்டியிருக்கிற பேப்பரைக் கிழித்துப் போடு. கிழித்துவிட்டு வந்து மிச்சத்தை வாசி. நேற்றுத் தந்தியும் அடித்தேன். ஆனால் நீ அக்காவுக்கு விசர் என்று சிரித்துவிட்டுப் போர்த்துக்கொண்டு படுப்பாய், எனக்குத் தெரியும்.

இந்த அகதி விடுதியில் எங்களுக்குப் பக்கத்து அறை டொறத்தி, யோசேப்பு அண்ணையின்ரை மனுசி. செவ்வாய்க்கிழமை காலமை குளிக்கப் போனவள். குளியலறையில் தண்ணீர் சூடாக்கிற காஸ் பெட்டி இருக்கு, மேலே காத்துப் போக ஒரு வலை போட்ட ஓட்டை. அதுக்குள்ளால் குளிர் வருகுதென்று பழைய சேலையைத் திணித்துவிட்டுக் குளித்திருக்கிறாள். குளிர் வாற ஓட்டையைக் கண்டால் எங்கட சனம் சும்மா விடுமே! தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கு, கூப்பிட்டால் சத்தமில்லை. அண்ணை கதவை உடைத்தார். நிலத்தில் கிடந்தாள். மணமும் இல்லை, புகையும் இல்லை தம்பி. எல்லாரும் வலிப்பு என்று குளற, எனக்கு உன்ரை போன கடிதம் நினைவு வந்தது.

நீ வேலை செய்கிற காத்தாடிக் கொம்பனியின்ரை நூறாவது ஆண்டு விருந்தில் சொன்னதாய் நீ எழுதின கதை. தொடங்கின வெள்ளைக்காரன் வெறும் தகர வேலைக்காரனாம். குளிருக்கு ஜன்னலை அடைத்துக் கரியடுப்பு மூட்டிப் படுத்த அவன்ரை தங்கச்சி, அடுப்பின்ரை நச்சுக் காத்து வெளியே போக வழியில்லாமல், காலமை எழும்பவில்லையாம். அதுக்குப் பிறகு வீடு வீடாய்ப் போய்ச் சுவரில் ஓட்டை போட்டு வலை வைத்தானாம். பிறகு மில்லுகளுக்குக் காத்தாடி, கப்பல்களுக்குக் காத்தாடி, கடைசியில் எங்கட ஊர்த் தியேட்டருக்கும். வாசிக்கேக்கை கொட்டாவி விட்டனான். அந்தக் கதைதான் என்னைக் காஸைப் பூட்டிச் சேலையை இழுக்க வைத்தது.

டொறத்தி இன்னும் கண் திறக்கவில்லை. ஒன்றும் சொல்லேலாது என்கிறார் டொக்டர். அகதி விசாரணைக்குக் கிடைத்த டெர்மின் நாளையும் விட்டுவிட்டு அண்ணை ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிறார்.

நேற்று உன்ரை கடிதத்தைத் திரும்ப எடுத்தேன். அடியில் எழுதியிருக்கிறாய், அறை ஓட்டைக்குப் பேப்பர் ஒட்டிவிட்டேன், காஸ் ஹீட்டரோடு இப்ப நல்ல சூடு என்று. மடையா! பகல் முழுக்க அந்த ஓட்டைக்குச் சாமான் செய்து சம்பளம் எடுக்கிறவன், படுக்கும்போது அதை அடைப்பானே? பக்கத்தில் இருந்தால் அறைந்திருப்பேன். பயமாயிருக்கடா.

குளிர்ந்தால் சொல்லு, என்ரை கம்பளியை அனுப்புகிறேன். அம்மாவுக்கு இதொன்றும் எழுதாதே. நல்லூரானுக்கு நேர்ந்திருக்கிறேன், அவர் உன்னைக் கைவிட மாட்டார். ஆனாலும் கிழித்த பேப்பரில் ஒரு துண்டை உறைக்குள் வைத்து அனுப்பு. வேறொன்றும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

தபால்காரனைப் பார்த்தபடி இருக்கும்
அக்கா சுந்தரேஸ்வரி