நான் தொட்டுப் பார்த்த ஒரே வயிறு

வாப்பா,

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு நீங்கள் சாய்மனைக் கதிரையில் இருந்தீர்கள், உம்மா சமைத்த கையோடு குசினி வாசலில், லாபிர் மாமா வயிற்றைப் பிடித்தபடி கட்டிலில். அத்தனை பேருக்கும் முன்னால் கேட்டீர்கள்: "என்ன புள்ள, அஞ்சு வருசமா டொக்டருக்குப் படிக்காய், ஒரு வயித்துக் குத்துப் பாக்கத் தெரியாதா?"

தெரியாது வாப்பா. கொரோனா என்று எங்களை வார்டுக்குள் விடாமல், நோயாளியைப் போனில் காட்டினார்கள். நான் அமத்திப் பழகியது உம்மாவின் வயிற்றில் மட்டும்தான். அவவுக்கு நோயே இல்லை. கூச்சத்தில் சிரித்துச் சிரித்து உருண்டா. அந்தப் படிப்போடு மாமாவின் வயிற்றில் கை வைக்கவா? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னதில் எனக்கு வெட்கமில்லை.

வார்டையே காட்டாமல் அடுத்த மாதம் கடைசிச் சோதனையாம். "பாஸாகினாச் சரி, வாய மூடு" என்கிறீர்கள். மூட மாட்டேன். ஒரு வருடம் பிந்தினாலும் பரவாயில்லை, முதலில் எங்களை வார்டில் விடுங்கள் என்று எங்கள் மருத்துவ பீடாதிபதிக்குக் கடிதம் எழுதிவிட்டேன்.

சோறும் மீனாணமும் மூடி வைத்திருக்கிறேன். அலுமாரியைப் பூட்டிவிட்டேன், திறப்பு யன்னலில்.

ஷஸ்னா

பி.கு: உம்மா ஆஸ்பத்திரியில் இருந்து பேசினா. மாமாவுக்குக் குடல்வால் வீங்கியிருந்ததாம், ஒப்பரேசன் முடிந்ததாம். பிந்தியிருந்தால் வெடித்திருக்குமாம்.

இன்னொன்று: கோந்து காய்ந்துவிட்டது. உங்கள் சோற்றில் நாலு பருக்கை எடுத்து பீடாதிபதியின் கடித உறையை ஒட்டிவிட்டேன். தபால் கந்தோருக்குப் போகிறேன்.