எம்-2 பெட்டிக்கு மட்டும்

பிப்ரவரி 10, செவ்வாய்

காலையில் கடும் குளிர். விரல் மடங்கவில்லை. லேப்டாப்பின் அடியில் கையை வைத்துச் சூடேற்றிக்கொண்ட பிறகுதான் வேலை.

இன்றைக்கு:
- பெட்டியின் பதிவுகளை எடுப்பது
- தராசு ஒயர் மாற்றுவது
- மாத்திரை வாங்கிவரச் சொல்வது
- தினேஷுக்கு வாழ்த்து (ஆயிற்று. கைதட்டும் படம், ஒன்று. ஒன்று போதும்.)

எழுதிவிட்டால் கொஞ்சம் ஆறும் என்று எழுதுகிறேன். மலையில் புளியும் சாமையும் வாங்குகிற மையங்களுக்கு எங்கள் கம்பெனி கணினிப் பெட்டி வைத்திருக்கிறது. பெட்டியோடு மின்தராசு. கரண்ட் போனால் பெட்டி தூங்கும், வந்தால் விழிக்கும். எம்-2 ரகப் பெட்டி மட்டும் விழித்ததும் தராசே இல்லை என்கிறது. மூன்று வாரம் இந்த மையத்தின் பின்னறையில் உட்கார்ந்து, ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிக் கண்டுபிடித்தது நான். தராசு செருகும் போர்ட்டின் சிப்பில் கோளாறு. விற்றுவிட்ட பெட்டியில் சிப்பை மாற்ற முடியாது. பெட்டியை ஓட்டுகிற மென்பொருளின் உள்கரு கெர்னல்; அதற்குள் அந்தப் போர்ட்டைக் கவனிக்கிற டிரைவர் நிரலில்தான் சரிக்கட்ட வேண்டும். குவர்க் என்போம். இந்தப் பெயருள்ள பெட்டி இப்படித்தான், அது விழித்ததும் போர்ட்டை ஒரு தடவை அணைத்துப் போடு என்று ஒரு வரி.

நான் அவசரத்துக்கு இந்த ஒரு பெட்டியில் கையால் ஒட்டுப் போட்டேன். தினேஷ் அதையே முறையான திருத்த நிரலாக, பேட்ச்சாக எழுதி, கெர்னலைப் பராமரிக்கிற வெளிநாட்டுக்காரர்களுக்கு அனுப்பினான். இன்று ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். எழுதியவர்: தினேஷ். இனி உலகம் முழுக்கப் போகும், அவன் பெயரோடு.

பதினான்கு வருட வேலையில் கெர்னலில் என் பெயர் ஒரு வரியில்கூட இல்லை. அவன் சேர்ந்து இரண்டு வருடம். ஆலங்காயத்துக்காரன், நம்ம பக்கம் என்று சிபாரிசு செய்து சேர்த்ததும் நானே.

இதில் கொடுமை, அனுப்புவதற்கு முன் கேட்டான். "அக்கா, கண்டுபுடிச்சது நீங்கன்னு உங்க பேர போட்டுடட்டுமா?" நான், "அதெல்லாம் எதுக்குப்பா" என்றேன். இன்னொரு தடவை கேட்பான் என்று இருந்தேன். யாராக இருந்தாலும் இன்னொரு தடவை கேட்பார்கள். அவன் "சரிக்கா" என்று போய்விட்டான்.

பிப்ரவரி 11, புதன்

பனி மூட்டம் ஒன்பது மணிவரை. கரண்ட் மூன்று தடவை போய் வந்தது. என் ஒட்டு மூன்று தடவையும் தாங்கியது. யாரும் கைதட்டவில்லை.

தினேஷ் போன். "நீங்க சொல்லிக் குடுக்கலன்னா எனுக்கு இன்னாக்கா தெரியும்" என்றான். பொய்யாகச் சொல்லியிருந்தாலாவது திட்டலாம். நிஜமாகவே சொல்கிறான். பத்து நிமிடம் சிரித்துச் சிரித்துப் பேசினேன். வைத்த பிறகு தாடை வலித்தது.

மதியம் அவன் பேட்ச்சைத் திறந்து படித்தேன். எதற்குப் படித்தேன் என்றால், குறை தேடத்தான். இங்கே எழுதுவதில் என்ன வெட்கம்.

இருந்தது.

பெட்டியின் பெயரை ஒப்பிட அவன் போட்டிருக்கிற வரி முழுப் பெயரைப் பார்க்காது. பெயருக்குள் எங்காவது எம்-2 என்று வந்தால் பிடித்துக்கொள்ளும். எம்-20 என்று ஒரு ரகம் இருக்கிறது. புதுசு, சிப் வேறு, ஒரு கோளாறும் இல்லாதது. அதையும் பிடிக்கும். நல்ல சிப்பை அணைத்துப் போட்டால் அதன் பிறகுதான் தராசு காணாமல் போகும். முழுப் பெயரும் பொருந்த வேண்டும் என்றால் அதற்குத் தனி வரி உண்டு. இந்தத் தொழிலில் ஆளுக்கு ஒரு தடவை விழுகிற குழி. நானும் ஒரு காலத்தில் விழுந்தேன், யாரும் பார்ப்பதற்குள் எழுந்துவிட்டேன்.

வெளிநாட்டுக்காரர்களும் கவனிக்கவில்லை. அவர்களிடம் எம்-20 இருக்காது. எங்களிடம் ஒன்றே ஒன்று, மேல் ஊர் மையத்தில்.

போனை எடுத்தேன். வைத்துவிட்டேன். சாயங்காலம் வரைக்கும் ரொம்ப நாளாக இல்லாத சந்தோஷம். ராகிக் களி இரண்டு உருண்டை சாப்பிட்டேன்.

பிப்ரவரி 12, வியாழன்

வெயில். துணி காய்ந்தது.

கம்பெனி வாட்ஸப் குழுவில் மேனேஜர் சார் அறிவிப்பு. கெர்னல்காரர்கள் கூடுகிற பெங்களூரு கூட்டத்தில் இந்த வருடம் நம் சார்பில் தினேஷ் பேசுகிறான். தலைப்பு: மலை மையத்தில் ஒரு குவர்க். மலை மையம். அவன் இந்த மலைக்கு ஒரு தடவை வந்தான், கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுத்தான், அன்றைக்கே இறங்கிப்போனான். நான் அந்தக் கூட்டத்துக்கு மூன்று வருடமாகக் கேட்கிறேன். "அடுத்த தடவ பாக்கலாம்மா" என்பார் சார்.

வயிறு எரிகிறது. வேறு நாகரிகமான வார்த்தை தேடிப் பார்த்தேன், இல்லை.

மையத்தை நடத்தும் லட்சுமி டீயோடு வந்தாள். மலைக்காரி, என் வயது இருக்கும், வாய் அதிகம்.

"இன்னா மேடம், மொகம் ஒரு மாதிரி கீது."

"ஒண்ணுமில்ல லட்சுமி, தலைவலி."

"எனுக்கும் தலவலிதான். மேல் ஊர் செல்வி இல்ல, அவளுக்கு மட்டும் புதுப் பொட்டி குடுத்தீங்க. எனுக்குப் பழசு. அவ பொட்டி கெட்டுப் போவணும்னு அம்மனாண்ட வேண்டிக்கினேன், தெரிமா?" சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். நான் டீயைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். சீனி தூக்கல்.

எல்லா மையத்துக்கும் தினேஷின் பேட்ச் சேர்ந்த புது கெர்னல் நாளை மாலை ஆறு மணிக்குப் போகிறதாம்.

பிப்ரவரி 13, வெள்ளி

ஒடுகத்தூரிலிருந்து அம்மா போன். ஞாயிற்றுக்கிழமை வர்றியா, மீன் வாங்கட்டுமா. தெரியாது என்றேன்.

காலையில் மெயில் எழுதினேன். தினேஷ், எம்-20-ஐயும் பிடிக்கிறது, பார். இரண்டே வரி. அனுப்பவில்லை.

அதற்குப் பதிலாகத் திருத்தத்தையே எழுதி முடித்தேன். பத்து நிமிட வேலை. கெர்னலில் வழக்கம் ஒன்று உண்டு. ஒருவருடைய தப்பைத் திருத்துகிறவர், எந்தப் பேட்ச்சைத் திருத்துகிறேன் என்று அதன் எண்ணையும் தலைப்பையும் ஒரு வரியாகப் போட வேண்டும். அழியாது. திருத்தியவர் நான், திருத்தப்பட்டது அவனுடையது. உலகம் உள்ளவரை இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். அந்த வரியை எழுதும்போது நாக்கில் தித்தித்தது. பெருமைக்கு எழுதவில்லை, நடந்தது அப்படி.

இப்போதே சொல்லாததற்குக் காரணங்கள்:
1. என்னிடம் யாரும் கேட்கவில்லை.
2. சோதிப்பது அவன் வேலை.
3. ஒரே ஒரு பெட்டிதான்.
4. திங்கட்கிழமை நானே அனுப்பிவிடுவேன்.

நாலும் எழுதிப் பார்த்தால் நாலும் ஒன்றுதான்.

மாலை ஆறு மணி. போயிற்று. எல்லா மையத்திலிருந்தும் பச்சை டிக்.

பிப்ரவரி 14, சனி

பத்தரைக்கு லட்சுமி போனை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். மேல் ஊர் செல்வி. கரண்ட் போய் வந்ததிலிருந்து தராசு இல்லை.

"பதினோரு பேர் ஒக்காந்துனு கீறாங்க மேடம். விடியக்காலமே மூட்டையத் தூக்கினு எறங்கனவங்க. ஒரு ஆயா படுத்துடுச்சி. இன்னிக்கு இல்லன்னு சொல்லிட்டா மறுபடியும் தூக்கினு போவணும், எப்டிச் சொல்றது?"

லட்சுமி வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். பாதி தூரத்தில், "நான் சும்மா வெளாட்டுக்குத்தான் மேடம் வேண்டிக்கினேன்" என்றாள். உன்னால் இல்லை லட்சுமி என்று சொன்னேன். யாரால் என்று சொல்லவில்லை.

மையத்து வாசலில் புளி மூட்டைகளில் சாய்ந்து பெண்கள். யாரும் சண்டை போடவில்லை. "கம்ப்யூட்டரம்மா வந்துட்டாங்க, ஆயிடும்" என்று ஒருத்தி மற்றவர்களுக்குச் சொன்னாள். படுத்திருந்த கிழவியின் கால் வீங்கியிருந்தது. ஒயரைப் பிடுங்கிச் செருகினேன், தராசு வந்தது. லேப்டாப்பிலிருந்து என் திருத்தத்தை ஏற்றினேன். கரண்டை நானே அணைத்துப் போட்டுப் பார்த்தேன். நின்றது. ஒரு மணிக்கு எடை போட ஆரம்பித்தார்கள்.

குழுவில் எழுதினேன்: மேல் ஊரில் கோளாறு, காரணம் பெயர் ஒப்பீடு, திருத்தம் தயார்.

சார்: "போன அஞ்சு நிமிஷத்துல புடிச்சிட்டீங்களே. அனுபவம்னா இதான்." கைதட்டும் படங்கள் வரிசையாக. எண்ணினேன், ஒன்பது. தினேஷ் போட்டது மூன்று.

கேட்டது கிடைத்தது. சோறு இறங்கவில்லை.

வெளிநாட்டுக்காரர்களுக்குப் போகும் முன் இன்னொருவர் பேட்ச்சைச் சரிபார்க்க வேண்டும், அதுதான் எங்கள் முறை. தினேஷுக்கே அனுப்பிவைத்தேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

மேகம். அம்மாவிடம் போகவில்லை.

ஒன்பது மணிக்குத் தினேஷ் செய்தி. அப்படியே எழுதிவைக்கிறேன்.

"அக்கா, பேட்ச் பாத்துட்டேன், சூப்பரா கீது. என் தப்புதான், சாரிக்கா. ஒண்ணே ஒண்ணு. எழுதின நேரம் வெள்ளிக்கிழமை காலைல பதினொன்னே கால்னு காட்டுது. அப்ப புது கெர்னலே போகலியே. உங்க லேப்டாப்ல தேதி தப்பா இருக்கும் போல. நான் நேத்துன்னு மாத்திட்டு அனுப்பிடட்டுமா?"

பேட்ச் தன்னை எழுதிய நேரத்தைத் தானே சுமந்துகொண்டு போகும். முதல் வருடப் பிள்ளைக்குத் தெரிந்தது. நேற்று அனுப்பும் முன் நானே மாற்றியிருக்கலாம், தோன்றவே இல்லை.

அவனுக்கு நிஜமாகவே புரியவில்லையா. புரிந்துதான் எனக்கு வழிவிடுகிறானா. ஐந்து தடவை படித்தேன், தெரியவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தால் குழுவில் எல்லார் முன்னாலும் கேட்டிருப்பேன். இதிலும் அவன்தான் மேலே நிற்கிறான். அதற்கும் சேர்த்து எரிகிறது.

"சரிப்பா, மாத்திடு" என்று அடித்தேன். அழித்தேன். கிழவியின் கால்.

"லேப்டாப்ல தேதி சரியாத்தான் இருக்கு தினேஷ். வெள்ளிக்கிழமை காலைலயே எழுதிட்டேன்."

அனுப்பிவிட்டேன். பார்த்துவிட்டான். எழுதிக்கொண்டிருக்கிறான் என்று காட்டுகிறது. நின்றுவிட்டது. மறுபடியும் எழுதுகிறான்.