பவுடர் போடாத முகம்

கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி நேற்றுச் சாயங்காலம் தொடங்கிவிட்டது. சர்ச்சுக்குள் கால் வைத்ததும் முதலில் மூக்கில் ஏறியது பவுடர் வாசனைதான். மழை ஓய்ந்து வாடைக்காற்று கிளம்பிவிட்டால் நம் கொயர் பெண்களுக்குக் கன்னம் வெள்ளை பூத்துவிடும். அதை மறைக்க முகத்தைச் சோப்புப் போட்டு வறட்டு வறட்டென்று தேய்த்துக் கழுவி, காய்ந்த பிறகு தேங்காய் எண்ணெய் தடவி, அதற்கும் மேலே பவுடரைக் கொட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தால் தோலுரித்து அடுக்கிய மரச்சீனிக் கிழங்கு தோற்றுவிடும். இதைச் சொல்லிச் சிரிக்கலாமென்று நீ உட்காரும் பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பினேன். அதில் யாரோ கைப்பையை வைத்திருந்தார்கள். சிரிக்க வந்தவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதனால்தான் இதை உனக்கு எழுதுகிறேன்.

நீயும் நானும் ஒரே வகுப்பு, கொயரில் ஒரே வரிசை, தக்கலையில் ஒரே தெரு. இடையில் நீ நர்ஸ் வேலைக்குக் குவைத் போனாய். பல வருடம் கழித்து நீ திரும்பியபோது ஊர் உன் கழுத்துச் சங்கிலியைப் பார்த்தது. நான் உன் பெட்டியைப் பார்த்தேன். பாதிப் பெட்டி கிரீம். பாலைவனக் காற்றும் ஆஸ்பத்திரி ஏசியும் சேர்ந்து முகத்தைப் பிடுங்கியதில் கற்றுக்கொண்டதென்று சொன்னாய்.

"நம்ம ஊர்ல ஏதுட்டி குளிரு? ஊட்டிக்காரன் கேட்டா சிரிப்பான்" என்று கிண்டல் செய்தேன்.

"ஊட்டிக்காரனுக்க மொகமா எனக்கு இருக்கு? எனக்க தோலுக்கு எது குளிரோ, அதுதான் குளிரு. நீ சும்மா கெட" என்றாய்.

மார்கழி வாசலுக்கு வந்ததும் உன் குளியலறைத் தட்டு மாறிவிடும். கோடையில் போட்ட நுரை வரும் ஃபேஸ்வாஷ் உள்ளே போகும். காலையில் வெறும் தண்ணீர்தான், அதுவும் வெதுவெதுப்பாக. கொதிக்கிற தண்ணீரை முகத்தருகே கொண்டுபோகவிட மாட்டாய். லோஷன் இருந்த இடத்தில் கெட்டியான கிரீம் வந்து உட்காரும். கழுவிய முகத்தைத் துடைக்காமல், துண்டால் மெல்ல ஒற்றிவிட்டு, ஈரம் இருக்கும்போதே அதைப் பூசுவாய். "தண்ணி உள்ள நிக்கும்போதே கதவச் சாத்தணும்ட்டி. போன பொறவு பூட்டி என்ன பிரயோசனம்?" இளவெயில்தானே என்று சன்ஸ்கிரீனை மட்டும் நான் விட்டால் போதும், அன்றைக்கு எனக்குப் பூசைதான்.

நம் வயதுப் பெண்கள் முகத்துக்கு ஏதாவது செய்தால் கதவைச் சாத்திக்கொண்டு செய்வோம், கேட்டால் இல்லையென்போம். நீ பல் தேய்ப்பதுபோல வெளிச்சத்தில் நின்று செய்தாய். அந்த நிமிர்வு எனக்குப் பிடித்திருந்தது. வெளியே உன்னைக் கேலி செய்தாலும் உள்ளுக்குள் உன்னை வியந்துகொண்டேதான் இருந்தேன்.

பிறகு அந்த நோய் வந்தது. திருவனந்தபுரம் போவதும் வருவதுமாக மழைக்காலம் முழுவதும் கழிந்தது. கீமோ முடிந்து நீ வீட்டுக்கு வந்தபோது கார்த்திகை பாதி கடந்திருந்தது. புருவம் இல்லை. கன்னமும் நெற்றியும் கறுத்து, வாயோரத்தில் செதில் செதிலாக உரிந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் வாசலிலேயே "உச்" கொட்டினார்கள். வருடா வருடம் கிறிஸ்துமஸ் விடியற்கால ஆராதனையில் தனிப்பாட்டு உன்னுடையது. கொயர் மாஸ்டர் வந்து, நல்ல எண்ணத்தோடுதான், "இந்த வருசம் நீங்க ரெஸ்ட் எடுங்க. முன்னால வந்து நிக்கது கஷ்டம்லா" என்றார். நீ தலையாட்டி அனுப்பிவிட்டாய். அவர் படி இறங்கியதும் என் கையைப் பிடித்தாய்.

"நான் பாடுவேன்ட்டி. தொண்டைக்கு ஒண்ணுமில்ல. ஆனா ஆளுக மொகத்தப் பாத்து உச்சுக் கொட்டுனா எனக்குப் பாட்டு வராது. பாட்டுதான் அவங்களுக்குக் கேக்கணும், சீக்கு தெரியக் கூடாது."

"மேக்கப் போட்டு மறைச்சா?"

"மறைச்சா, மறைச்சிருக்கான்னு தெரியும்லா."

அடுத்த நாள் உன் தட்டைக் காலி செய்தாய். குவைத் கிரீம்கள், வாசனை தூக்குகிற டப்பாக்கள், சுருக்கம் போக்குகிற சீசாக்கள் எல்லாம் ஒரு பையில் போயின. நான் பதறினேன். "அது பழைய மொகத்துக்கு வாங்குனது. இது புது மொகம். இதுக்கு என்ன வேணும்ணு முதல்லேர்ந்து படிக்கணும்" என்றாய். டாக்டரிடம் போனில் கேட்டு, வாசனையே இல்லாத ஒரே ஒரு கிரீமை வாங்கவைத்தாய். அதையும் முதலில் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்துக் காத்திருந்தாய். முகத்தைத் தொலைத்துவிட்டதாக நீ ஒருநாளும் புலம்பவில்லை. புதிதாகக் குடிவந்த வீட்டில் எந்த ஜன்னல் எங்கே என்று பார்ப்பதுபோலப் பார்த்தாய். உன்னைவிடத் தைரியமான ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

மருந்தில் உன் விரல் நுனிகள் மரத்துப் போயிருந்தன. எவ்வளவு அழுத்துகிறோம் என்று உனக்கே தெரியவில்லை. அதனால் பூசிவிடும் வேலை எனக்கு வந்தது. காலையில் அடுப்படி வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவேன். கன்னத்தில் விரல் பட்டதும் கண்ணைத் திறக்காமலே பிடித்துவிடுவாய்: "தேங்கா திருவுன கையோட வந்தியா? போயி களுவிட்டு வா. பைய தடவு, சப்பாத்திக்கு மாவா பெசையுக?" நீ திட்டிய திட்டுக்கு வேறு யாராக இருந்தாலும் போடி என்று போயிருப்பேன்.

செதில் அடங்கி, கன்னத்தில் கொஞ்சம் மினுக்கம் வந்த நேரத்தில்தான் அடுத்த தெரு ஜெபக்குழு அக்கா வந்தார். கையில் ஜெபித்த எண்ணெய். நெற்றியில் ஒரு சொட்டுத் தொட்டு வைப்பார் என்று பார்த்தால், பரிசுத்த ஆவியில் நிறைந்து முகம் முழுக்க வழித்துப் பூசிவிட்டார். மல்லிகை சென்ட் வாசனை கூடத்தையே தூக்கியது. பெரிய மனுஷி ஜெபம் செய்யும்போது முகத்தை எப்படித் திருப்புவது? "ஆமென்" வரும் வரை நீ அசையவில்லை. அவர் போனதும் கண்ணைத் திறந்து, "விசுவாசம் கொள்ளாம், நல்லதுதான். சென்ட்டத்தான் கொஞ்சம் கொறச்சிருக்கலாம்" என்றாய். நான் சிரித்து முடிப்பதற்குள் உன் முகம் செக்கச் செவேலென்று தடித்துவிட்டது.

அன்றைக்கு மட்டும் நீ அழுதாய். "நாள் இல்லையேட்டி" என்றாய். எண்ணெயைக் கழுவினோம். டாக்டர் சொன்னபடி எல்லாவற்றையும் நிறுத்தினோம். குளிர்ந்த ஈரத்துணி, அந்த ஒரே கிரீம், வேறொன்றும் இல்லை. ஒவ்வொரு காலையும் முதலில் உன் கன்னத்தைப் பார்த்து, பிறகுதான் உனக்கு வணக்கம் சொன்னேன்.

கிறிஸ்துமஸ் விடியலில் நீ வெள்ளைச் சேலை கட்டி, தலையில் முக்காடிட்டு முன்னால் வந்து நின்றாய். முகத்தில் பவுடர் ஒரு துளி இல்லை. புருவத்துக்கு மட்டும் மெல்லிய ஒரு கோடு. முகம் கறுத்திருந்தது உண்மைதான். ஆனால் தெளிந்து, ஈரப்பதத்தோடு, உன் முகமாக இருந்தது. நீ பாடினாய். ஒருவரும் "உச்" கொட்டவில்லை. ஆராதனை முடிந்து கேக் கொடுக்கும் இடத்தில் ஒரு பெண் உன்னிடம் வந்து, "அக்கா, பனி நேரத்துலயும் மொகம் வெடிக்கலியே, என்ன கிரீம் போடுகீங்க?" என்று கேட்டாள். நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பாட்டுக்குக் கிடைத்த பாராட்டெல்லாம் அதற்குக் கீழேதான்.

நோய் திரும்பி வந்தது. ஆனி மாதம் நீ போய்விட்டாய். அயர்லாந்திலிருந்து உன் மகள் வந்து சேரும் வரை உன்னை ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். கடைசி மாதங்களில் போனில் உன் முகத்தைக் காட்ட நீ சம்மதிக்கவே இல்லை. அதனால் அவளுக்கு என்ன பார்க்கப்போகிறோமோ என்று பயம். விமானநிலையத்திலிருந்தே என்னிடம், "சித்தி, அம்மாவ எனக்கு அடையாளம் தெரியுமா?" என்று கேட்டாள்.

பெட்டியைத் திறந்தபோது அந்தக் குளிரில் உன் முகம் காய்ந்து வெளிறியிருந்தது. பெண்கள் பவுடர் டப்பாவோடு வந்தார்கள். நம் பக்கத்து வழக்கம், அவர்கள்மேல் குற்றமில்லை. நான் டப்பாவை வாங்கித் தள்ளி வைத்தேன். துணியை நனைத்து உன் முகத்தை ஒற்றினேன். நெற்றி, கன்னம், மூக்கோரம், தாடை என்று நீ கற்பித்த வரிசையில் கிரீமைப் பூசினேன். அழுத்திவிட்டேனோ என்று ஒரு நொடி நின்றேன். நீ திட்டவில்லை. அப்போதுதான் நீ போய்விட்டது எனக்கு முழுசாக உறைத்தது.

உன் மகள் வந்தாள். வாசலில் கொஞ்சம் தயங்கினாள். பிறகு கிட்டே வந்து குனிந்து, உன் கன்னத்தில் தன் கன்னத்தை வைத்தாள். நிமிர்ந்தபோது அழுகைக்கு நடுவே சிரித்தாள்.

"சித்தி, அம்மா இன்னைக்கும் கிரீம் போட்டாளா?"

"போட்டா மக்கா."

இந்த மார்கழியில் என் முகத்துக்கு நானே பூசிக்கொள்கிறேன். கை மட்டும் இன்னும் பழக்கம் விடவில்லை, இரண்டு முகத்துக்கு எடுத்துவிடுகிறது. மிச்சத்தைத் திரும்ப டப்பாவில் போட மனம் வராமல், விரலில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறேன்.