மூன்றாவது போத்தல்

நேற்று மாலை மலாக்கா ஆயர் குரோவில் உள்ள எங்கள் வீட்டில் என் மகள் கணினி முன் உட்கார்ந்து பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். திரையில் வேதியியல், தொடர்பியல், ஊடகவியல் என்று படிப்புகளின் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் நிறுத்தி, "அம்மா, கான்ஃபிளிக்ட் ரெசலூஷன்னு ஒரு கோர்ஸ் இருக்கு. சண்டைய தீர்த்து வைக்கிறதுக்குக்கூடவா யூனிவர்சிட்டி?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அடுப்படிக்குத் தேநீர் போடப் போனேன்; உன் நினைவு வந்தது. தோழி, நீ இறந்து எட்டு மாதமாகிறது.

புலாவ் செபாங் ஊரைத் தாண்டி உள்ளே இருந்த நம் தோட்டத்திலிருந்து ஒரே ஆண்டில் பல்கலைக்கழகம் போன இரண்டு பெண்கள் நாம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்கு வேதியியல், உனக்குத் தொடர்பியல். இரண்டாம் ஆண்டில் மோதல் தீர்வு என்ற பாடத்தையும் நீ எடுத்தாய். விடுமுறைக்கு ரயிலில் ஊர் திரும்பும்போது அந்தத் தடித்த நோட்டைக் காட்டி, "இதுல பாதி எங்கம்மாவுக்கே தெரியும் லா" என்றாய்.

நாம் வந்த மூன்றாம் நாள் உன் அப்பாவின் குளத்தில் மீன்கள் செத்து மிதந்தன. வேலை முடிந்து வந்து அவரே வெட்டிய குளம், இரண்டு வருடமாய் வளர்த்த திலாப்பியா. கீழ் லயத்து வரிசை வீடுகளில் இருந்த லோரிக்காரர்தான் களைக்கொல்லி மருந்தைக் கலந்துவிட்டார் என்று அவர் முடிவு கட்டினார். கோயில் கூட்டத்தில் இருவருக்கும் ஏற்கெனவே வாய்த்தகராறு. மேல் லயம் உன் அப்பா பக்கம் சேர்ந்தது, கீழ் லயம் லோரிக்காரர் பக்கம். உன் அப்பா பாராங் கத்தியைத் தீட்டுவதைப் பார்த்த அன்று நீ என்னிடம் ஓடி வந்தாய்.

"ஞாயித்துக்கிழம மண்டபத்துல எல்லாரையும் உக்கார வச்சுப் பேசப்போறேன். அதுக்குள்ள தண்ணியில என்ன இருக்குன்னு நீ பாத்துச் சொல்லு."

மூன்று போத்தல்களில் தண்ணீர் பிடித்தோம். குளத்தில் ஒன்று, லோரிக்காரர் வீட்டருகே ஒன்று, மேலே எங்கள் வீட்டுப் பின்னால் ஓடும் லோங்காங் வாய்க்காலில் ஒன்று. மறுநாளே பஸ் பிடித்து நான் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். களைக்கொல்லி இருந்தால், அதற்கான தூளைப் போட்டதும் தண்ணீர் நீலமாகும். குளத்துத் தண்ணீர் இலேசாக நீலம் காட்டியது. லோரிக்காரர் வீட்டுத் தண்ணீர் மாறவே இல்லை. மூன்றாவது, பேனா மை போல் ஆனது.

என் அம்மா தோட்டத்தில் களைக்கு மருந்தடிக்கிறவர். அந்த மூன்றாவது போத்தலைக் கொட்டிக் கழுவிவிட்டு ஊர் திரும்பினேன்.

"குளத்துல மருந்து இருக்கு. லோரி மாமா வீட்டுத் தண்ணி சுத்தம்" என்றேன் உன்னிடம்.

நீ விரல்களை மடித்து எண்ணினாய். "மூணு போத்தல் எடுத்தோம். ரெண்டுக்குத்தான் பதில் சொல்ற."

அழுதுவிட்டேன். "வெளிய தெரிஞ்சா அம்மாவ வேலைய விட்டு நிறுத்திருவாங்க. இருக்கிற வீடும் தோட்டத்து வீடு."

செத்தது உன் அப்பாவின் மீன். ஆனாலும் நீ குரலை உயர்த்தவில்லை. "கூட்டத்துல நான் இத சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாத. வா, மொதல்ல அத்தைகிட்ட போவோம்."

என் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நீயும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கட்டைப் பிரித்துக்கொண்டே, "அத்தை, வேல முடிஞ்சா மருந்தடிக்கிற பம்ப எங்க கழுவுவீங்க?" என்று கேட்டாய்.

"ஸ்டோர்ல பைப்பு ஒடஞ்சு ரெண்டு மாசமாச்சு. அதான் வீட்டுக்கே கொண்டாந்து..." அம்மாவின் கை நின்றது. "ஐயோ, அண்ணன் மீனா?"

"நீங்க என்ன செய்யணும்னு நான் சொல்லல அத்தை. ஆனா ஞாயித்துக்கிழம எல்லாரும் லோரி மாமாவத்தான் கேப்பாங்க."

அடுத்த இரண்டு நாளும் அம்மா பம்பை ஸ்டோரிலேயே விட்டுவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் உன் அப்பா கத்த, லோரிக்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தார். அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"அண்ணே, நான்தான். ஸ்டோர்ல தண்ணி இல்லன்னு பம்ப வீட்டுல கழுவுனேன். அது கீழ எங்க போவுதுன்னு யோசிக்கல."

உன் அப்பா எங்களை நோக்கி நடந்து வந்தபோது நான் அம்மாவை ஒட்டி நகர்ந்து நின்றேன். அவர் அம்மாவின் முன்னால் நின்று, "கையக் காட்டு தங்கச்சி" என்றார். அம்மாவின் நகங்கள் கறுத்து உரிந்திருந்தன. அதைப் பார்த்துவிட்டு, "மீனுக்கே இந்தக் கதி. நீ எத்தன வருசமா இதுல கைய வைக்கிற?" என்றார். லோரிக்காரர் மடித்த சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டார்.

மறுநாள் இரண்டு லயத்தாரும் சேர்ந்து, குழாயைச் சரிசெய்யச் சொல்லித் தோட்ட ஆபீசுக்குப் போனார்கள். பம்பை வீட்டில் கழுவியதற்காக அம்மாவுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதற்கான பதிலை நீதான் மலாயில் எழுதினாய். வேலை போகவில்லை. ஸ்டோரில் குழாய் சரியானது, கையுறையும் வந்தது. உன் அப்பா லோரிக்காரரிடம் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த மீன்குஞ்சு வாங்க அவருடைய லோரியில்தான் ஏறிப் போனார்.

படிப்பு முடிந்து நீ பத்திரிகை வேலைக்குப் போனாய், நான் ரப்பர் தொழிற்சாலை ஆய்வுக்கூடத்துக்கு. இத்தனை வருடமும் கேட்காததைக் கடைசியில் உன் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே கேட்டேன். "அன்னிக்குப் பொய் சொன்னேனே, ஒனக்குக் கோவம் வரலயா?"

"வந்துச்சு லா. ரெண்டு நாள் ஒம்மேல எரிச்சலாத்தான் இருந்துச்சு" என்று சிரித்தாய். "ஆனா எனக்கு நீயும் வேணும், அத்தையும் வேணும்."

இப்போது ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை முடிவு தொழிலாளி யாருக்காவது எதிராக வந்தால், அறிக்கையில் கையெழுத்துப் போடும் முன் எழுந்து அவரைத் தேடிப் போகிறேன். சில நாள் கோபத்தோடுதான் போகிறேன். கதவைச் சாத்திக்கொண்டு, என்ன நடந்தது என்று மட்டும் கேட்கிறேன். சிலர் என் முகத்தைப் பார்த்தே பொய் சொல்கிறார்கள். அப்போதும் நான் எழுந்து வந்துவிடுவதில்லை. இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.