தீக்கதவுக்கு நடுவே

மார்ச் 4
பத்துக் காந்தங்கள். முடிவாகிவிட்டது.

மருத்துவமனையில் இரத்த மாதிரிகளை ஆய்வகத்துக்குக் கொண்டுபோக நான் வடிவமைக்கும் வண்டி. அதற்குச் சக்கரம் உண்டு, இயந்திரம் இல்லை. தண்டவாளத்தில் பதித்த கம்பிச்சுருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக உயிர்பெற, வண்டியின் அடியிலுள்ள காந்த வரிசை அவற்றைத் தேடி ஓடும். இத்தனை வருடத் தொழிலுக்குப் பிறகும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

சிக்கல் தீக்கதவுதான். அதை மூட வேண்டுமானால் அங்கே தண்டவாளத்தை அறுத்தாக வேண்டும். வரிசை குட்டையானால் வண்டி கதவின் நடுவே நின்றுவிடும். நீண்டால் எடை கூடும். பின்சுருள் கைவிடுவதற்குள் முன்சுருள் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மார்ச் 6
மகளின் தொலைபேசி. “எழுபத்தோரு வயசுல ஆஸ்பத்திரித் தரையில முட்டி போட்டு என்னம்மா தேடறே? வேலையை விட்டுட்டு இங்க வந்துடேன்.”

வீம்பில் சொல்லிவிட்டேன் — வண்டி கதவைத் தாண்டாவிட்டால் வந்துவிடுகிறேன் என்று.

“சத்தியமா?”

“நான் எப்போ பேச்சு மாறியிருக்கேன்?”

அவர் உயிரோடிருந்தால், “உனக்கு வாய்க்கொழுப்பு” என்றிருப்பார்.

மார்ச் 9
கதவு விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டப் போகிறார்களாம். இடைவெளியை இரண்டு மில்லிமீட்டர் கூட்டும்படி ஃபிட்டரிடம் தொலைபேசியில் சொன்னேன்.

மார்ச் 11
நின்றுவிட்டது. முழுச் சுமையோடு, கதவின் நடுவே. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மார்ச் 12
கணக்கில் பிழையில்லை. பதினொன்றாவது காந்தம் சேர்க்கலாமா? மனம் ஒப்பவில்லை. இது கணக்கு சொல்வதா, என் திமிர் சொல்வதா? தெரியலையே... நிஜமாவே தெரியலையே.

மார்ச் 13
காந்தத்துக்கும் சுருளுக்கும் நடுவில் பித்தளை அளவுத்தகட்டைச் செருகினேன். இறுக்கமாக நிற்க வேண்டியது லொடலொடவென்று ஆடியது.

“வண்டியை யார் தூக்கி வெச்சது?”

“நீங்கதானே மேடம் இடைவெளியை ரெண்டு கூட்டச் சொன்னீங்க?” என்றார் ஃபிட்டர்.

“நான் சொன்னது கதவுகிட்ட தண்டவாளத்துல விட்ட இடைவெளி!”

“அது சந்து மேடம். இடைவெளின்னா எங்களுக்குக் காந்தத்துக்கும் சுருளுக்கும் நடுவுல இருக்கறதுதான்.”

“ரப்பர் ஒட்டறாங்கன்னு சொன்னேனே, அதுவும் காதுல விழலையா?”

“விழுந்துச்சு. கான்வென்ட்ல படிச்சவங்க, ஏதோ காரணமாத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன்.”

சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு அமைதியாக உட்கார்ந்து யோசித்தேன். வெறும் காற்று, அதுவும் இரண்டே மில்லிமீட்டர்! காந்தத்தின் பலத்தில் கால்பங்கைத் தின்றிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத காந்தப் பிடிக்கு இவ்வளவு கூர்மையான விளிம்பா?

மார்ச் 14
வண்டியை இறக்கி, கதவுச் சந்தின் அகலத்தைக் கூட்டினோம். வரைபடத்திலும் ‘சந்து’ என்றே எழுதினேன். எழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது.

முழுச் சுமை. தரையில் மண்டியிட்டுப் பார்த்தேன். வண்டி கதவை நெருங்கியது. முதல் காந்தம் வெறுமைக்குள் நீண்டது, அடுத்தது, அதற்கடுத்தது. பின்பாதி இந்தப் பக்கத்துச் சுருள்களைப் பற்றியிருக்க, முன்பாதி அந்தப் பக்கத்தைத் தொட்டது. ஒரு கண்ணாடிக் குழாய்கூடக் குலுங்கவில்லை. வண்டி போய்விட்டது.

எழுந்திருக்கத் தோன்றவில்லை. முட்டி வலி என்று நினைத்து ஃபிட்டர் கை கொடுத்தார்.

மார்ச் 16
மகளிடம் சொன்னேன்.

“ஞாயித்துக்கிழமையாவது வருவியா?”

“வரேன். திங்கட்கிழமை புது வேலை இருக்கு. வண்டி மூணாவது மாடிக்கு ஏறணுமாம்.”

“படியிலயா?”

“சுவத்துல. நேரா மேலே.”